நனைக்காத நீர்த்துளி: உருண்டோடும் திரவக் கோலிகள்

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சின்னச் சவால். மேசை மீது ஒரு சொட்டு நீர் இருக்கிறது. அதை விரலால் தள்ளி மேசையின் மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் மேசையும் நனையக்கூடாது, உங்கள் விரலும் நனையக்கூடாது. முடியுமா?

முடியாது என்றுதான் பெரும்பாலோர் சொல்வீர்கள். நீரைத் தொட்டால் ஈரம் ஒட்டும். அது சிறு வயதிலிருந்தே நாம் அறிந்த உண்மை. ஆனால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு பூச்சி இந்த வேலையை அன்றாடம் செய்கிறது. செய்யத் தவறினால் அதன் குடும்பமே மூழ்கிச் செத்துப்போகும்.

கழிவில் மூழ்காத குடும்பம்

அந்தப் பூச்சியின் பெயர் அசுவினி. செடிகளின் இளந்தண்டில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சி இனம் இது. வீட்டுத் தோட்டத்தில் மிளகாய்ச் செடியிலோ வெண்டைச் செடியிலோ பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வகை, ஐரோப்பாவில் பாப்லர் மரங்களில் வாழ்கிறது. அது இலைக்காம்பை வீங்கச் செய்து, அந்த வீக்கத்துக்குள் இருக்கும் குழியையே வீடாக்கிக்கொள்கிறது. உள்ளே கூட்டமாக வாழும். வெளியே செல்ல ஒரு குறுகிய வாசல்தான் உண்டு.

மரச்சாற்றில் சர்க்கரை அதிகம், புரதச்சத்துக்குத் தேவையான பொருள்கள் குறைவு. ஆகவே அசுவினி நிறையச் சாறு குடித்து, மிஞ்சிய சர்க்கரை நீரைக் கழிவாக வெளியேற்றுகிறது. தேன்பாகு போன்ற பிசுபிசுப்பான கழிவு அது. திறந்த செடியில் வாழும் அசுவினிக்கு அதனால் கவலை இல்லை. கழிவு கீழே சொட்டிவிடும். மூடிய வீட்டுக்குள் வாழும் அசுவினி என்ன செய்யும்? அந்தப் பாகு உடம்பில் ஒட்டினால் கால்கள் சிக்கிக்கொள்ளும்; தேங்கினால் குஞ்சுகள் மூழ்கிவிடும்.

இதற்கு இயற்கை கொடுத்த விடை, மெழுகுத் தூள். இந்த அசுவினிகளின் உடலில் மாவு போன்ற மெழுகு சுரக்கிறது. அது வீட்டுச் சுவரெங்கும் படிந்திருக்கும. கழிவுத்துளி வெளியே வந்தவுடன் அந்தத் தூள் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. பிசுபிசுப்பான துளி, உலர்ந்த கோலிக்குண்டாக மாறிவிடுகிறது. பிறகு வீட்டைக் காவல் காக்கும் இளம் அசுவினிகள் அந்தக் கோலிகளை உருட்டி, வாசல் வழியே வெளியே தள்ளிவிடுகின்றன. யார் காலிலும் ஒரு துளி பாகு ஒட்டுவதில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடங்கிய ஒரு குழு 2002ஆம் ஆண்டு இதை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. அந்தக் குழுவில் ஒருவர் எல். மகாதேவன். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அறிஞர் அவர். அவர் பெயர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறையும் வரும்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த கோலி

அசுவினியின் இரகசியம் விளக்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே, 2001இல், பாரிஸ் நகரில் பாஸ்கால் ஓசியூ, டேவிட் கெரே என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதே வித்தையை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது லைக்கோபோடியம் தூள். பெரணிக்கு உறவான ஒரு சிறு செடியின் வித்துத்தூள் இது. ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதன் மேல் நீர் ஒட்டாத ஒரு வேதிப்பொருளைப் பூசினார்கள். அந்தத் தூளில் ஒரு நீர்த்துளியை உருட்டினார்கள். துளியைச் சுற்றித் தூள் மேலுறையாகப் படிந்தது.

கிடைத்த பொருளுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'திரவக் கோலி' எனலாம். உள்ளே இருப்பது சாதாரண நீர்தான். ஆனால் கண்ணாடிப் பலகையில் வைத்தால் ஒட்டாது. லேசாகச் சாய்த்தால் உருண்டு ஓடும். விரலால் மெதுவாக அழுத்தினால் பந்துபோல் அமுங்கி, விட்டவுடன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இன்னும் வியப்பு வேண்டுமா? அதை ஒரு கிண்ணத்து நீரில் மெதுவாக இறக்கினால், நீர் நீரோடு கலக்காமல் மிதக்கும்!

நீர் ஏன் உருண்டையாகிறது?

இதைப் புரிந்துகொள்ள, ஒரு துளியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. துளியின் நடுவே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் உள்ள அண்டை மூலக்கூறுகள் இழுக்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கு வெளிப்புறத்தில் அண்டை வீட்டார் இல்லை. ஆகவே, மேற்பரப்பில் இருப்பது ஆற்றல் அளவில் செலவு மிகுந்த நிலை. நீர் தன் மேற்பரப்பைக் கூடியமட்டும் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது. இதைத்தான் பரப்பு இழுவிசை என்கிறோம். ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு கொண்ட வடிவம் கோளம். அதனால்தான் துளி உருண்டையாக விரும்புகிறது.

அப்படியானால் மேசை மீது விட்ட துளி ஏன் பரவுகிறது? மேசையும் நீரை ஈர்க்கிறது அல்லவா! துளியின் விளிம்பு மேசையைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணத்தைத் தொடுகோணம் என்பார்கள். சுத்தமான கண்ணாடியில் நீர் நன்கு பரவும். தொடுகோணம் மிகச் சிறியது. மெழுகு பூசிய பரப்பில் அது 90 பாகையைத் தாண்டும். தாமரை இலையில் 150 பாகைக்கும் மேல் போகும். துளி ஏறத்தாழ முழுக் கோளமாக நிற்கும்.

தாமரை இலைத் தண்ணீர் போல என்று தமிழில் சொல்கிறோம். மலாய் மொழியில், அறிவுரை காதில் ஏறாதவரைப் பற்றிச் சொல்லும்போது கெலாடி இலையில் நீர் ஊற்றியது போல என்பார்கள். கெலாடி என்பது நம் சேம்பு. இரண்டு பழமொழிகளும் ஒரே அறிவியலைத்தான் சொல்கின்றன. அந்த இலைகளின் மேல் மெழுகு பூசிய மிகச் சிறு மேடுகள் இருக்கின்றன. துளி அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் அமர்கிறது. இடையில் காற்று தங்கிவிடுகிறது.

இப்போது திரவக் கோலிக்கு வாருங்கள். தாமரை இலையில் மேடுகள் இலையோடு இருக்கின்றன. திரவக் கோலியிலோ அந்த மேடுகள் துளியோடு ஒட்டிக்கொண்டு கூடவே பயணம் செய்கின்றன. தாமரை இலையையே துளிக்குச் சட்டையாகப் போட்டுவிட்டது போன்ற ஏற்பாடு இது. அதனால் துளி எங்கே போனாலும், கண்ணாடியோ மேசையோ உங்கள் உள்ளங்கையோ, அதன் அடியில் தூளும் சிறிது காற்றும்தான் இருக்கும். நீர் நேரடியாக எதையும் தொடாது.

தூள் ஏன் உதிர்ந்துவிடுவதில்லை?

நல்ல கேள்வி. நீரை வெறுக்கும் தூள், நீர்த்துளியோடு ஏன் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

நீரின் மேற்பரப்பு ஆற்றல் செலவு மிகுந்தது என்று பார்த்தோம். ஒரு தூள்மணி மேற்பரப்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அமர்ந்தால், அந்த இடத்தில் நீருக்கும் காற்றுக்கும் இடையே இருந்த ஒரு வட்டப் பரப்பு மறைந்துவிடுகிறது. அந்த அளவு ஆற்றல் மிச்சம். மணியைப் பிடுங்கி எடுத்தால் மறைந்த பரப்பை மீண்டும் உண்டாக்க வேண்டும். அதற்கு ஆற்றல் வேண்டும். ஆகவே மணி தானாகக் கழன்றுவிடுவதில்லை.

தூள் நீரை வெறுப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. மணியின் பெரும்பகுதி துளிக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அந்தத் துருத்தல்தான் துளிக்கும் தரைக்கும் இடையே காவலாக நிற்கிறது. நீரை விரும்பும் தூளாக இருந்தால் மணி துளிக்குள் அமிழ்ந்து போகும், காவலும் போய்விடும். கோதுமை மாவில் நீர்த்துளியை விட்டால் கோலி கிடைக்காமல் பசை கிடைப்பது இதனால்தான்.

எவ்வளவு பெரிய கோலி செய்யலாம்?

பத்து மைக்ரோலிட்டர் நீரில் கோலி செய்தால் அதன் விட்டம் சுமார் 2.7 மில்லிமீட்டர். ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, 5 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு தேக்கரண்டி நீரிலிருந்து இப்படி 500 கோலிகள் செய்யலாம்.

சிறிய கோலிகள் கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கும். நீரின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் புவியீர்ப்பு விசை வென்றுவிடும். கோலி தட்டையாகி, இட்லி வடிவத்துக்கு வந்துவிடும். எவ்வளவு நீர் சேர்த்தாலும் அதன் உயரம் சுமார் 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. பக்கவாட்டில்தான் பரவும்.

உருளும் வேகத்திலும் ஒரு புதிர் இருக்கிறது. கிளிசரின் போன்ற பாகுத்தன்மை மிகுந்த திரவத்தில் செய்த கோலிகளைச் சாய்தளத்தில் உருட்டினால், சிறிய கோலி பெரியதைவிட வேகமாக ஓடும்! 1999இல் மகாதேவனும் ஈவ் போமோ என்பவரும் இதைக் கணக்கின் மூலம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பாரிஸ் ஆய்வாளர்கள் சோதனையில் அதை உறுதிப்படுத்தினார்கள். காரணம் இதுதான்: துளி சிறிதாக ஆக, அதன் அடிப்பகுதி தரையில் அமுங்கும் பரப்பு மிக விரைவாகக் குறைகிறது. திரவம் கசங்கி ஆற்றலை இழப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கசங்கும் பகுதி குறைந்தால் இழப்பும் குறையும், வேகம் கூடும்.

வேகமாக உருளும் கோலி உருண்டையாகவும் இருப்பதில்லை. சுழற்சியால் திரவம் வெளிப்புறம் தள்ளப்பட்டு, நடுவில் குழி விழுந்து, மெதுவடை போன்ற சக்கரமாக மாறிவிடும். சில நேரங்களில் நிலக்கடலை வடிவமும் எடுக்கும்.

ஒரு துளியே ஆய்வுக்கூடம்

இதெல்லாம் வேடிக்கை பார்க்க மட்டும்தானா? இல்லை. ஒரு துளியைச் சிந்தாமல், வீணாக்காமல், வேறு எதனோடும் கலந்துவிடாமல் கையாள முடிந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசியுங்கள். மருத்துவச் சோதனைகளில் ஒரு துளி இரத்தம்கூட மதிப்புமிக்கது. சோதனைக்குழாய் பயன்படுத்தினால் அதன் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்; பிறகு குழாயைக் கழுவ வேண்டும் அல்லது எறிய வேண்டும். திரவக் கோலிக்குச் சுவரே இல்லை.

இரத்த வகை: ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இரத்தத்தையே கோலியாக்கினார்கள். அதற்குள் இரத்த வகையைக் கண்டறியும் எதிர்ப்பொருளைச் சிறிதளவு செலுத்தினார்கள். வகை பொருந்தினால் சிவப்பணுக்கள் திரண்டு கீழே இறங்கும். கோலியின் மேல்பகுதி வெளிறும், கீழ்ப்பகுதி கருஞ்சிவப்பாகும். பொருந்தாவிட்டால் கோலி முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். கண்ணால் பார்த்தே விடை சொல்லிவிடலாம்.

நச்சு வாயு: தூள்மணிகளுக்கு இடையே உள்ள சந்துகள் வழியே திரவம் வெளியே வராது, ஆனால் வாயு உள்ளே போகும். ஃபினால்ப்தலீன் கலந்த நீரில் கோலி செய்து அம்மோனியா ஆவியின் அருகே வைத்தால், கோலி இளஞ்சிவப்பாக மாறிவிடும். பள்ளி வேதியியல் பாடத்தில் நீங்கள் படித்த அதே நிறங்காட்டிதான். வாயுவை இப்படிக் கண்டறியலாம் என்று 2010இல் மோனாஷ் குழு காட்டியது.

காந்தக் கதவு: அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில், நீர் ஒட்டாதபடி மாற்றிய இரும்பு ஆக்சைடு நுண்துகள்களால் கோலி செய்தார்கள். காந்தத்தை நகர்த்தினால் கோலியும் நகரும். காந்தத்தை அடியில் கொண்டுவந்தால் தூள் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு, மேலே கதவு திறந்தது போல் நீர் வெளியே தெரியும். அந்த வழியாக ஒரு மருந்தைச் சேர்க்கலாம் அல்லது உள்ளிருப்பதை எடுக்கலாம். காந்தத்தை விலக்கினால் கதவு மூடிக்கொள்ளும்.

உயிரணுக்களின் தொட்டில்: கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுக்கள் தட்டின் அடியில் ஒட்டிப் பரவிவிடும். உடலுக்குள் அவை அப்படி வாழ்வதில்லை; முப்பரிமாணத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து வாழ்கின்றன. திரவக் கோலிக்குள் ஒட்டிக்கொள்ள ஏற்ற சுவர் இல்லாததால், உயிரணுக்கள் தங்களுக்குள் கூடிச் சிறு பந்துகளாகின்றன. பிராணவாயு தூளின் சந்துகள் வழியே உள்ளே வந்துகொண்டிருக்கும். பிரிஸ்பேன் நகரின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல், மிதக்கும் கோலிகளுக்குள் மூக்கின் நுகர்வு நரம்பைச் சார்ந்த ஒரு வகை உயிரணுக்களை இப்படி வளர்த்தார்கள். அடிபட்ட முதுகுத்தண்டு நரம்பைச் சீராக்க அந்த உயிரணுக்கள் உதவுமா என்ற ஆய்வின் ஒரு பகுதி அது. விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க முடியாமல் போனவர்களை நினைத்துப் பாருங்கள். இந்தச் சிறு கோலிக்குள் எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது என்பது புரியும்.

சிங்கப்பூரின் பங்கு: நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லிங் சிங் யி தலைமையிலான குழு, 2014இல் வெள்ளியின் நுண்ணிய கனசதுரங்களால் கோலிக்கு மேலுறை செய்தது. ஒவ்வொரு வேதிப்பொருளும் தன்மீது படும் ஒளியைச் சிதறடிப்பதில் தனக்கென ஒரு கைரேகை வைத்திருக்கிறது. வெள்ளித் துகள்கள் அந்தக் கைரேகையை மிகவும் வலுவாக்கிக் காட்டும். ஆகவே மிகக் குறைந்த அளவில் கலந்திருக்கும் பொருளையும் ஒரே துளியில் கண்டுபிடிக்க வழி பிறக்கிறது.

கணக்குப் போடும் கோலி: இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில், 2017இல் கோலிகளை மோதவிட்டே தர்க்கக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கோலி வந்தால் 1, வராவிட்டால் 0. இரண்டு கோலிகள் மோதினால் பாதை மாறும். ஒன்று மட்டும் வந்தால் நேராகப் போகும். எந்தப் பாதையில் கோலி வந்து சேர்கிறது என்பதே விடை.

கோலியின் தூரத்து உறவு: உலர் நீர்

கோலியை மிக மிகச் சிறிதாக்கினால் என்ன ஆகும்? நீரையும் நீர் ஒட்டாத சிலிக்காத் தூளையும் அதிவேகமாகக் கலக்கினால், கண்ணுக்குத் தனியாகத் தெரியாத நுண்துளிகளாக நீர் சிதறி, ஒவ்வொன்றின் மேலும் சிலிக்கா படியும். பார்ப்பதற்கு வெள்ளைச் சர்க்கரைத் தூள் போல இருக்கும். ஆனால் அதில் சுமார் 95 விழுக்காடு நீர்தான்! 1968லேயே காப்புரிமை பெற்ற இந்த 'உலர் நீர்' அழகுப்பொருள் தயாரிப்பாளர்களை ஈர்த்தது. தோலில் தேய்த்தால் தூள் நீராகிவிடும் அல்லவா! பின்னர் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மீத்தேன், கரியமில வாயு போன்றவற்றை இதில் சேமிக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள். நீர் பல கோடித் துளிகளாகப் பிரிந்திருப்பதால் வாயுவைத் தொடும் மேற்பரப்பு மிகப் பெரிதாகிறது. வாயுவை விரைவாக ஏற்றுக்கொள்ள அதுவே காரணம்.

குறைகளும் உண்டு

அப்படியானால் நம் ஊர் மருத்துவமனைகளில் இன்னும் ஏன் சோதனைக்குழாய்களைப் பார்க்கிறோம்? திரவக் கோலிக்குப் பலவீனங்களும் இருக்கின்றன. வாயு உள்ளே போகும் அதே சந்துகள் வழியே நீராவி வெளியேறுகிறது. திறந்த அறையில் வைத்த சிறு கோலி வெகுநேரம் தாங்காது. காற்றுப் போன பந்துபோல் சுருங்கி, நசுங்கிவிடும். உயரத்திலிருந்து விழுந்தால் மேலுறை கிழிந்து நீர் சிந்தும். சவர்க்கார நீர் பட்டால் கதை முடிந்தது; பரப்பு இழுவிசை குறைந்து, தூளும் நனைந்து, கோலி உடைந்துவிடும். ஒரே அளவான ஆயிரக்கணக்கான கோலிகளை இயந்திரத்தால் செய்வதும் எளிதன்று. பெரும்பாலான பயன்கள் இன்னும் ஆய்வுக்கூட அளவிலேயே நிற்கின்றன. இந்தத் தடைகளைக் கடக்கும் வேலை உங்களில் சிலருக்காகக் காத்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நீங்களும் செய்து பாருங்கள்

*தேவையானவை:* பழைய எவர்சில்வர் கரண்டி, மெழுகுவத்தி, சொட்டுக்குழல், நீர், சவர்க்கார நீர். பெரியவர் ஒருவர் கட்டாயம் அருகில் இருக்க வேண்டும்.

1. கரண்டியின் குழிப்பகுதியை மெழுகுவத்திச் சுடரின் மேல் பிடித்து, உள்பக்கம் முழுவதும் கருமையான புகைக்கரி படியச் செய்யுங்கள். கைப்பிடி சுடும், துணியால் பிடியுங்கள்.
2. கரண்டி நன்றாக ஆறிய பிறகு, ஒரு சொட்டு நீரைக் கரியின் மேல் மெதுவாக விடுங்கள். அது பரவாமல் மணியாக நிற்பதைப் பாருங்கள்.
3. கரண்டியை மெல்ல ஆட்டுங்கள். துளி உருளும், உருளும்போதே கரித்தூளைத் தன் மேல் ஒட்டிக்கொள்ளும். இதுதான் உங்கள் முதல் திரவக் கோலி.
4. சொட்டின் அளவை மாற்றுங்கள். எந்த அளவில் உருண்டை தட்டையாகத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
5. கடைசியாக, ஒரு குச்சியின் நுனியைச் சவர்க்கார நீரில் தொட்டுக் கோலியின் மேல் வையுங்கள். என்ன நடக்கிறது? ஏன்?

பள்ளி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் லைக்கோபோடியம் தூள் இருந்தால், ஆசிரியரின் அனுமதியோடு இன்னொன்றும் செய்யலாம். ஒரு முகவை நீரின் மேல் அந்தத் தூளைத் தடிப்பாகத் தூவி, விரலை உள்ளே விட்டு எடுங்கள். விரல் உலர்ந்தே வெளியே வரும்! இந்தத் தூள் காற்றில் பறந்தால் எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே சுடர் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. தூளை முகர்ந்து பார்க்கவும் கூடாது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட சவாலுக்குத் திரும்புவோம். மேசை நனையாமல், விரல் நனையாமல் நீர்த்துளியை நகர்த்த முடியுமா? முடியும், துளிக்கு ஏற்ற சட்டையைப் போட்டுவிட்டால் போதும். அடுத்த முறை பள்ளித் தோட்டத்துச் சேம்பு இலையில் மழைத்துளி உருள்வதையோ, வறண்ட மண்ணில் விழுந்த முதல் தூறல் புழுதியைப் பூசிக்கொண்டு ஒரு கணம் மணியாக நிற்பதையோ கண்டால், கொஞ்சம் நின்று பாருங்கள்.